பக்கத்து சீட்டு பிரேக்

செப்டம்பர் 2

டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். இவர் என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார், யாரை அடையாளம் தெரிந்தது என்று தினமும் குறித்து, அடுத்த தடவை வரும்போது கொண்டுவர வேண்டுமாம்.

காலையில் இரண்டு இட்லி. மூன்றாவதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மத்தியானம் ரசம் சாதம். தூக்கம் சுமார். அடையாளம்: யாரையும் இல்லை.

செப்டம்பர் 3

தோசை. தூக்கம் இல்லை. யாரையும் இல்லை.

இந்த வேகத்தில் போனால் ஒரு வருஷத்து டைரியை ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம். டாக்டருக்கு வேண்டியதை அவர் பொறுக்கிக்கொள்ளட்டும். எனக்குத் தோன்றுவதையும் எழுதிவைக்கிறேன். பேசுவதற்கு ஆள் இல்லாத வீட்டில் இதுவாவது இருக்கட்டும்.

இவர் பெயர் நம்பிராஜன். கட்டிய நாளிலிருந்து வாயால் சொன்னதில்லை, எழுதும்போதும் கை கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. பாளையங்கோட்டையில் நாங்கள் இருவரும் டிரைவிங் ஸ்கூல் நடத்தினோம். ஆண்களுக்கு இவர், பெண்களுக்கு நான். கடைத்தெருவுக்குப் போனால் கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கி வணக்கம் சொல்லாமல் போகமாட்டார்கள்.

எதற்கெடுத்தாலும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். துண்டு எங்க ஆவுடை, மழை வருதா ஆவுடை, இந்த மோருல உப்புப் போட்டியா ஆவுடை. “என் பேரு தேஞ்சு போயிரும், கொஞ்சம் மிச்சம் வையுங்க” என்று திட்டுவேன். ஆடி மாதத்துக்குப் பிறகு ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. என்னை யாரோ நர்ஸ் என்று நினைத்து “வாங்கம்மா”, “சரிங்கம்மா” என்கிறார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், இந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை. எனக்கு இனி வேறொன்றும் வேண்டாம். ஒரே ஒரு தடவை ஆவுடை என்று கூப்பிட்டால் போதும்.

செப்டம்பர் 7

காலையில் பால் வாங்கிவிட்டுக் கேட்டைப் பூட்ட மறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. தெருவில் ஒவ்வொரு வீடாகக் கேட்டேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் செருப்பில்லாமல் ஓடினேன்.

கடைசியில் தெருமுனை மாவு மில்லுக்குப் பின்னால் இருந்தார். மில் மூடி வெகுகாலம் ஆகிறது. அதன் ஷெட்டில்தான் எங்கள் பழைய பியட் கிடக்கிறது. ஸ்கூலை மூடியபோது மற்ற வண்டிகளை விற்றோம், இதை மட்டும் விற்க மனசு வராமல் “பொறவு பாப்போம்” என்று இங்கே நிறுத்தினோம். அந்தப் பொறவு வரவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு வண்டி இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மறதிக்காரர் நினைவு வைத்திருக்கிறார்.

டயர் நான்கும் மண்ணோடு மண்ணாக இருந்தன. சீட்டில் எலி குடும்பம் நடத்திய அடையாளம். இவர் இடது பக்க சீட்டில், அவர் எப்போதும் உட்காரும் இடத்தில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

“இங்கன என்ன செய்தீய? உயிரே போயிட்டு எனக்கு!” என்று கத்தினேன்.

வாட்ச் இல்லாத மணிக்கட்டைப் பார்த்தார். “மணி ஆறு ஆயிட்டு. ஆறு மணி பேட்ச்சு நீங்கதான? லேட்டா வந்தா எப்படிம்மா, அடுத்த ஆளு காத்துக்கிட்டு இருப்பாங்கல்லா?”

இத்தனை வார்த்தைகளைச் சேர்த்துப் பேசி எவ்வளவு நாளாயிற்று! நான் அந்த மண் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

இட்லி சாப்பிடவில்லை. அடையாளம்: பியட்டை.

செப்டம்பர் 10

மேலப்பாளையம் காஜா மைதீனை வரச் சொன்னேன். ஸ்கூல் வண்டிகளையெல்லாம் அந்தக் காலத்தில் பார்த்துக்கொண்ட மெக்கானிக். வாய் ஓயாது. பத்து நாள் என்பான், இரண்டு மாசம் ஆக்குவான். பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டான்.

“இத வண்டின்னா சொல்லுதீய மதினி? பேரீச்சம்பழத்துக்குப் போட்டாக்கூட அவன் யோசிப்பான்.”

“ஓட வைக்க முடியுமா முடியாதா? அத மட்டும் சொல்லு.”

“ஓட வச்சு எங்க போப்போறீய?”

“ஆறு மணி கிளாஸுக்கு” என்றேன். அவன் இவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அதற்கப்புறம் கேலி பேசவில்லை.

நான் வண்டி கற்றுக்கொண்டது இதே பியட்டில்தான். அப்போது ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். பெண்ணுக்கு எதுக்கு வண்டி என்று அண்ணன் சொன்னதற்காகவே போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் பள்ளிக்கூட மதில் மேல் ஏற்றப் பார்த்தேன். வண்டி தானாக நின்றது. இவர் காலுக்குக் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். சொல்லித் தருபவர் மிதிப்பதற்கென்று வைத்த இரண்டாவது ஜோடி. “பயப்படாதீங்க, நான் பக்கத்துலதான இருக்கேன்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தவள்தான்.

செப்டம்பர் 12

வண்டியை இழுத்து வந்து எங்கள் காம்பவுண்டுக்குள் விட்டாயிற்று. மகள் செண்பகம் ஓசூரிலிருந்து போனில் கத்துகிறாள்.

“ஒனக்கு என்ன கிறுக்காம்மா? அப்பாவப் பாக்கவா, வண்டியப் பாக்கவா?”

“ரெண்டும் ஒரே வேலதான்ட்டி” என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 21

இன்ஜின் இறுகிக் கிடக்கிறது. காஜா பிளக்கைக் கழற்றி உள்ளே டீசல் ஊற்றி ஊற வைத்திருக்கிறான். ஊறுகாய் போடுகிற மாதிரிதான் என்கிறான். இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். இன்று காஜா தப்பான ஸ்பேனரை எடுத்தபோது இவர் கையை நீட்டிச் சரியானதைத் தொட்டார்.

உப்புமா. நன்றாகத் தூங்கினார்.

செப்டம்பர் 28

காஜாவோடு சண்டை. இடது பக்க பெடல்களைக் கழற்றிவிடலாம் என்கிறான்.

“இப்பம் யாருக்கு மதினி அது? துருப் புடிச்சுக் கெடக்கு. எடுத்துட்டா வண்டி ஒரிஜினல் மாதிரி ஆயிரும். நல்ல வெல போவும்.”

“அத எடுத்தா வண்டியே வேண்டாம். அதுக்குத்தான் வண்டி” என்றேன்.

“அண்ணாச்சி நெனவு தப்பி நடுரோட்டுல மிதிச்சுட்டா?”

“அவுகளுக்கு எது நெனவு தப்பினாலும் பிரேக்கு தப்பாது.”

இதை நம்பித்தான் சொன்னேனா, காஜாவை வாயடைக்கச் சொன்னேனா என்று தெரியவில்லை. டாக்டருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டமாட்டேன்.

அக்டோபர் 4

டாங்க் கழுவியாயிற்று. வயரிங் புதுசு. சீட்டுக்கு ரெக்ஸின் மாற்றியிருக்கிறது, பழைய பச்சை கிடைக்கவில்லை, நீலம்தான்.

இவர் குளிக்க மறுத்தார். இரண்டு முறை தள்ளிவிட்டார். என் கையில் காயம் லேசானதுதான்.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. வண்டி கிளம்பிவிட்டது! முதலில் இருமியது, அப்புறம் கறுப்புப் புகை, அப்புறம் அந்தப் பழைய சத்தம். காஜா ஓடிப்போய் ஹாரன் அடித்தான். நான் சந்தனம், குங்குமம் வைத்து நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி நசுக்கினேன்.

இவர் சுற்றிவந்து பார்த்தார். “எல் போர்டு எங்கம்மா?” என்றார்.

சரிதானே. ஸ்கூல் வண்டிக்கு எல் போர்டு இல்லாமலா? அட்டை வெட்டி நானே சிவப்புப் பெயிண்டில் எழுதி மாட்டினேன். கையெல்லாம் பெயிண்ட். சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதிவைக்கிறேன். இந்த வீட்டில் சந்தோஷம் என்ற வார்த்தையை எழுதி நாளாயிற்று.

அக்டோபர் 15

பேப்பர் வேலைகளும் முடிந்து இன்றுதான் ரோட்டுக்கு வந்தோம். காலை ஆறு மணிக்கு நான் வலது பக்கம், இவர் இடது பக்கம். மகாராஜநகர் முழுக்கச் சுற்றினேன். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு பிழை இல்லை. எப்படி ஓட்டுகிறேன் என்று பார்க்கட்டும், இப்படி ஓட்டுபவள் ஊரில் ஒருத்திதான் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

வாயே திறக்கவில்லை. போகப் போகக் கண்ணில் வெளிச்சம் அணைந்து, ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து இறக்கியபோது “ஆஸ்பத்திரி வந்துட்டா?” என்றார்.

பெட்ரோல் வாடை கண்ணைக் கரித்தது. காஜாவிடம் டியூப்பைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 16

சமாதானபுரம் முக்கில் கார்புரேட்டரில் ஏதோ அடைத்து வண்டி குலுங்கி நின்றது. என் தப்பில்லை. இவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“கிளட்ச்ச சடார்னு விடக் கூடாதும்மா. பச்சப் புள்ளையத் தொட்டில்ல போடுத மாதிரி விடணும். ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. நியூட்ரலுக்குக் கொண்டாங்க. ஆங்... சாவி போடுங்க.”

அதே குரல்! அந்தப் பழைய, அவசரமில்லாத குரல். வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தார். எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒழுங்காக ஓட்டுகிறவளுக்கு வாத்தியார் எதற்கு?

அக்டோபர் 17

இன்று மூன்று இடத்தில் வண்டியை அணைத்தேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை. எந்தத் தப்புக்கெல்லாம் என்னிடம் கற்க வந்த பிள்ளைகளைத் திட்டித் தீர்த்தேனோ அதையெல்லாம் வரிசையாகச் செய்தேன். இவர் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தார். மூன்று இட்லி சாப்பிட்டார், பையில் ஒன்றும் போடவில்லை.

அக்டோபர் 19

தப்பாக ஓட்டுவது லேசு இல்லை. கால் தானாகச் சரியாகப் போகிறது. முந்தின நாளே யோசித்து வைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 22

இன்று ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். நான் பிரேக்குக்குக் கால் கொண்டுபோவதற்குள் இவர் தன் பிரேக்கை மிதித்துவிட்டார். வண்டி நிற்கவில்லை. நான் மிதித்துத்தான் நின்றது. இவர் முகம் செத்துப்போயிற்று. “இது எடுக்கலியே. சும்மா ஆடுது” என்று கதவைத் திறந்து இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் போய்ப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

காஜாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். பெடலிலிருந்து பிரேக்குக்குப் போகும் ராடை இணைக்காமல் பெடலைச் சும்மா ஒப்புக்கு மாட்டியிருக்கிறான். “உங்க ரெண்டு பேரு நல்லதுக்குத்தான் மதினி” என்று தலையைச் சொறிகிறான்.

“அவுகள என்ன பொம்மை பஸ்ஸுல உக்காந்திருக்க புள்ளைன்னு நெனச்சியா? உனக்கே லைசன்ஸ் வாங்கிக் குடுத்த மனுசம்லா!” என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் அதிகமாகவே கேட்டுவிட்டேன். ராடை இணைத்துக் கொடுத்துவிட்டு டீ குடிக்காமல் போனான்.

அக்டோபர் 23

குறுக்கே வந்த மாட்டுக்கு இவர் பிரேக் போட்டார். நின்றது. “பாத்தீங்களா? நான் பக்கத்துலதான இருக்கேன்” என்றார்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் அடுப்படியில் நின்றேன்.

அக்டோபர் 31

தீபாவளி. செண்பகம் வந்திருக்கிறாள். கங்கா ஸ்நானம் முடித்து, அவளும் வருவேன் என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். நான் வழக்கம்போல் குலுக்கி நிறுத்தினேன்.

“என்னம்மா இப்படி ஓட்டுத? எனக்கே நீதான...” என்று ஆரம்பித்தாள்.

“வர மாட்டேங்கு. சார் சொல்லித் தாராக” என்றேன்.

இவர் திரும்பி அவளிடம், “நீங்களும் கத்துக்க வந்திருக்கீங்களாம்மா? இவங்க முடிச்சதும் உங்களுக்கு எடுக்கேன்” என்றார். செண்பகம் தலையை ஆட்டினாள். அப்புறம் வீடு வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஊருக்குப் புறப்படும்போது என்னைக் கட்டிப்பிடித்து, “எவ்வளவு நாளைக்கும்மா இப்படி?” என்றாள். கார்புரேட்டர் சரியானால் நெடுநாள் ஓடும் என்றேன்.

நவம்பர் 8

இன்று நல்ல பேச்சு. ரெட்டியார்பட்டி ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கும் பாடம். மேட்டில் நின்ற வண்டியைப் பின்னால் உருளவிடாமல் எடுப்பதுதான் புதியவர்களுக்குப் பெரிய கஷ்டம். நான் வேண்டுமென்றே ஹேண்ட் பிரேக்கை மறப்பேன். வண்டி பின்னால் நழுவும், இவர் மிதித்துப் பிடிப்பார். அந்த நழுவலில் எனக்கு ஒரு பயமும் இல்லை. பிடிப்பார் என்று தெரியும்.

திரும்பி வரும்போது துணிந்து கேட்டேன்.

“சாருக்குக் கல்யாணம் ஆயிட்டா?”

“இல்லம்மா. வீட்டுல பாத்துக்கிட்டு இருக்காங்க.”

“பொண்ணு எப்படி இருக்கணும்?”

வெட்கப்பட்டார். எழுபது வயதுக்கு மேல் அந்த வெட்கம்! “வண்டி ஓட்டத் தெரிஞ்ச பொண்ணா இருந்தா நல்லது. ரெண்டு பேருமா ஸ்கூல் நடத்தலாம். பொம்பளைங்க தைரியமா வருவாங்கல்லா?” என்றார். சொல்லிவிட்டு, “நீங்க வருத்தப்படாதீங்க, உங்களுக்கும் மெள்ள வந்துரும்” என்று என்னைத் தேற்றினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் தேடுகிற பெண்ணை ஒளித்துவைத்துக்கொண்டு, தெரியாதவளாகப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவளை வெளியே விட்டால் இவர் பேச்சு நின்றுவிடும். விடாவிட்டால் அவளை இவர் பார்க்கவே போவதில்லை. சிரிப்பு என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

நவம்பர் 9

நேற்றுப் பேசியது எதுவும் நினைவில்லை. மறுபடி கேட்டேன். “பாத்துக்கிட்டு இருக்காங்க” என்றார். வெட்கம் மட்டும் அப்படியே.

நவம்பர் 19

சாப்பாடு குறைந்திருக்கிறது. இடது கால் கொஞ்சம் இழுத்து நடக்கிறார். பிரேக் மிதிப்பது வலது கால்தானே, பரவாயில்லை.

நவம்பர் 24

வலது காலும் கொஞ்சம் மெதுவாகத்தான் வருகிறது. குறுக்கே ஓடிய நாய்க்கு இன்று நானும் சேர்த்து பிரேக்கை மிதித்தேன். அவர் கவனிக்கவில்லை. குளிர் காலத்தில் யாருக்கும் உள்ளதுதான்.

நவம்பர் 29

டாக்டரிடம் போனோம். டைரியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டேன். கார் விஷயமும் சொல்ல விட்டுப்போயிற்று. கால்களைத் தட்டிப் பார்த்தார். இனிமேல் ஒவ்வொன்றாகக் குறையும், தயாராக இருங்கள் அம்மா என்றார். சரி என்றேன். தயாராக இருப்பது என்றால் என்ன செய்வது என்று கேட்டிருக்கலாம்.

டிசம்பர் 3

இதை எழுதத்தான் வேண்டும்.

ரெட்டியார்பட்டி ஏற்றம். பாதி மேட்டில் நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கைப் போடவில்லை. வண்டி நழுவ ஆரம்பித்தது. எப்போதும் போல் அவர் காலுக்காகக் காத்திருந்தேன். பின்னால் வளைவில் ஒரு பஸ் திரும்பியது, கண்ணாடியில் தெரிந்தது. அப்போதும் பயமில்லை, பிடிப்பார் என்றே இருந்தேன். ஹாரன் அலறியது. அவர் கால் பெடல் மேல்தான் இருந்தது. முகம் சிவந்து, பல்லைக் கடித்து அழுத்திக்கொண்டிருந்தார். பெடல் அசையவில்லை.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. கையும் காலும் தாமாகச் செய்தன. பிடித்து, எடுத்து, இடது ஓரம் வெட்டி, மண்ணில் ஏற்றி நிறுத்துவதற்குள் பஸ் எங்கள் கதவை உரசுகிற மாதிரி போய்விட்டது. டிரைவர் ஏதோ திட்டினார். நியாயம்தான்.

பஸ்ஸைவிட எனக்கு வேறொன்று பயமாக இருந்தது. இவர் பார்த்துவிட்டார். நான் எப்படி ஓட்டுவேன் என்று பார்த்துவிட்டார்.

“கால் போட்டேம்மா” என்றார். “போட்டேன். எடுக்கல.”

“பிரேக்குல கோளாறு சார். காஜாகிட்ட சொல்லுதேன்.”

“பிரேக்குல ஒண்ணும் இல்ல” என்றார். தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார். உண்மையான சந்தோஷம் அந்தச் சிரிப்பில். “நல்லா எடுத்துட்டீங்கம்மா. ரொம்ப நல்லா எடுத்தீங்க. இனி நீங்க தனியா ஓட்டலாம். நான் பக்கத்துல வேண்டாம்.”

“எனக்கு இன்னும் வரலை சார்.”

“வந்துட்டு. வந்தாச்சு. இனி நான் உக்காந்து வந்தா உங்களுக்குத்தான் எடைஞ்சல். நாளைக்கு உங்க வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. அவரு சந்தோஷப்படுவாருல்லா?”

சந்தோஷப்படுவார் சார் என்றேன். வீடு வரைக்கும் ஒரு தப்பும் செய்யாமல் ஓட்டினேன். தப்பு செய்யக் கையில் தெம்பில்லை.

டிசம்பர் 4

ஆறு மணிக்கு ஹாரன் அடித்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். “உங்க கிளாஸ் முடிஞ்சுட்டுல்லாம்மா?” என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

என்னவெல்லாமோ மறக்கிற மனுஷருக்கு இது மறக்கவில்லை.

டிசம்பர் 5

வரவில்லை. கஞ்சி, இரண்டு வாய்.

டிசம்பர் 6

காஜா வந்தான். கோபம் தீர்ந்திருக்கிறது. இவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணாச்சி, வண்டி டிரையல் பாக்கணும், வாங்க” என்று கூப்பிட்டுப் பார்த்தான். வரவில்லை. பெடலைச் சோதித்துவிட்டு, “எல்லாம் சரியாத்தான் இருக்கு மதினி” என்றான். தெரியும் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

டிசம்பர் 8

பேசவில்லை. தண்ணீர்கூட ஸ்பூனில்தான்.

டிசம்பர் 9

வேறு என்ன செய்ய முடியும் என்று யோசித்து ஒரு வேலை செய்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

குளித்து, பெட்டியிலிருந்து வேறொரு சேலை எடுத்துக் கட்டி, ஹேண்ட் பேகை மாட்டிக்கொண்டு பின் வாசல் வழியாகத் தெருவுக்குப் போனேன். சுற்றி வந்து முன் கேட்டைத் திறந்தேன். இவர் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். வாசலில் நின்று, “சார் இருக்காங்களா? வண்டி ஓட்டக் கத்துக்கணும்” என்றேன். பழைய மாணவியை முடித்து அனுப்பிவிட்டார் என்றால் புது மாணவியைச் சேர்த்துக்கொள்ளட்டுமே.

நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் கொஞ்சம் வெளிச்சம். “வாங்கம்மா. உள்ள வாங்க” என்றார். குரல் மிகவும் சன்னம். “புதுசா ஆள் சேக்கறதில்லம்மா. எனக்குக் கால் சொன்னபடி கேக்கல. உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா உங்க வீட்டுல நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“பரவாயில்ல சார். நீங்க பக்கத்துல சும்மா உக்காந்தா போதும்.”

“அது தப்பும்மா” என்றார். “சும்மா உக்காரதுக்கா வாத்தியாரு?”

எனக்கு அதற்குமேல் நடிக்க வரவில்லை. “அப்பம் நான் யாருகிட்ட போறது?” என்றேன். அது மாணவி கேட்ட கேள்வி இல்லை. நான்தான் கேட்டேன்.

அவர் யோசித்தார். மெதுவாக முகம் மலர்ந்தது.

“எங்க வீட்டுல சொல்லித் தருவா. என்னவிட நல்லா ஓட்டுவா. பொம்பளைங்களுக்கெல்லாம் அவதான் எடுக்கா. கொஞ்சம் திட்டுவா, மனசுல வச்சுக்காதீங்க.” வாசலைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். உயர்த்துகிற அளவுக்கு மூச்சு இல்லை. ஆனாலும் கூப்பிட்டார். “ஆவுடை! ஏ ஆவுடை!”

நான் அவருக்கு முன்னால் நின்றிருந்தேன். “என்ன?” என்று என் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

“பக்கத்துல கடைக்குத்தான் போயிருப்பா” என்றார். “இப்பம் வந்துருவா. நீங்க உக்காருங்கம்மா.”

உட்கார்ந்தேன். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

காலை: எதுவும் சாப்பிடவில்லை. அடையாளம்: என்னை.